வேண்டுமென்றே செய்த தப்பு

கப்பல்காரர் அன்று காலை நல்ல தெளிவான புத்தியோடுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். ஆயிரத்து அறுநூற்று அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவனின் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தார். காவலாளி குச்சியை எடுத்து உரசினான். விளக்கு பற்றிக்கொண்டது. எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, பால் திருடிய பூனை மாதிரி அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

தீப்பெட்டி வர இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? பதினேழாம் நூற்றாண்டைக் கரைத்துக் குடித்த மனிதர். அந்தக் காலத்துத் துறைமுகத்தில் கயிற்றுக்கு என்ன பூசினார்கள், மாலுமிகளின் ரொட்டியில் எப்போது புழு வைத்தது, பணக்கார வீட்டுக்காரி மெழுகுவத்தியை எப்படி மிச்சம் பிடித்தாள் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால்தான் முழிப்பார்.

கப்பல்காரர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். கப்பல் என்ன, பரிசலில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். ஒருமுறை ஆற்றைக் கடக்கப் போய், படகுக்காரன் காலிலேயே வாந்தி எடுத்துவிட்டு வந்தவர். ஆனால் அவர் எழுதிய நாவல்கள் எல்லாமே கடலில்தான் நடக்கும், எல்லாமே அந்த ஒரே நூற்றாண்டில்தான். "மாமா, உங்க கப்பலுக்கு எங்கயாவது டயர் பஞ்சர் ஆச்சுன்னா எங்கிட்ட விடுங்க" என்று மனைவியின் தம்பி கேலி செய்வான். அவன் ஊரின் மறுகோடியில் சைக்கிள் கடை வைத்திருந்தான்.

மனைவி பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். வாராவாரம் பத்திரிகைக்குப் போகும் அத்தியாயத்தை முதலில் படிப்பவள் அவள்தான். அதற்கு அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. அவர் எழுதி முடித்த தாள்களைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். அவள் அடுப்பு வேலை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படிப்பாள். பேனாவைத் தொடமாட்டாள். அந்தக் காலத்தில் இல்லாத பொருள் ஏதாவது கதைக்குள் நுழைந்திருந்தால், இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள்.

"என்னங்க, இது இன்னும் பொறக்கல!"

அவர் உள்ளேயிருந்து, "எது?" என்பார்.

"கப்பல் ஓட்டுற சக்கரம். இப்ப வெறும் நீளக் கம்புதான். சக்கரம் பொறக்க இன்னும் நாப்பது வருஷம் ஆகும்."

"அதெல்லாம் இருந்திருக்கும்."

"இருந்திருந்தா எங்கன்னு காட்டுங்க. காட்டுற வரைக்கும் சோறு கிடையாது."

இப்படித்தான் அந்த வீட்டில் எத்தனையோ பொருள்கள் பிறக்காமல் போயின. பென்சிலின் தலையில் இருக்கும் ரப்பர், தபால்தலை, மண்ணெண்ணெய் விளக்கு, எல்லாமே அவள் வாயால் திருப்பி அனுப்பப்பட்டவை. அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு போவார், முணுமுணுத்துக்கொண்டே திருத்துவார். சும்மா சொல்லக்கூடாது, வெளியில் ஒரு ஆள்கூட அவர் கதையில் ஒரு குற்றம் கண்டுபிடித்தது கிடையாது. மேடையில் அதைப் பாராட்டும்போது அவர் அடக்கமாகச் சிரிப்பார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து அடக்கமில்லாமல் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சமாதானம் செய்ய ஒரு வழி இருந்திருக்கும். அன்று அவர் ஒரு புயலுக்குள் இருந்தார். புயல் என்றால் தாளில்தான். வெளியே போன் அடித்தது ஏதோ கனவில் கேட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "என்னங்க" என்றாள். அவர் தலையைத் தூக்காமலே கையைக் காட்டி, "இரு, கப்பல் கரை சேரட்டும்" என்றார். கதவு சாத்திக்கொண்டது. பாய்மரம் முறிந்து, பாதிப் பேர் மூழ்கி, மீதிப் பேரைக் கரை சேர்த்துவிட்டு அவர் வெளியே வந்தபோது வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டம்மாதான் சொன்னாள்: "டீச்சரோட தம்பி போயிட்டாராம் சார். அழுதுக்கிட்டே ஓடினாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

சாயங்காலம் போனார். கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். நெஞ்சுவலி என்று யாரோ சொன்னார்கள். அடக்கம் முடிந்ததும் அவளிடம், "வர்றியா?" என்று கேட்டார். "நீங்க போங்க" என்றாள். துக்கத்தில் இருக்கிறாள், தம்பி மனைவி தனியாக இருக்கிறாள், நாலு நாள் இருந்துவிட்டு வருவாள் என்று நினைத்தார். வரவில்லை. போன் செய்தார். தம்பி மனைவிதான் எடுத்தாள். "அண்ணி குளிக்கிறாங்கண்ணே" என்றாள். இன்னொரு நாள் செய்தபோதும் குளித்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷி எவ்வளவு நேரம் குளிப்பாள்! அவருக்கு ரோஷம் வந்தது. ரோஷத்தோடு அதற்குமேல் போன் செய்யவில்லை.

ஏனய்யா, நேரே போய்க் காலில் விழுந்து தொலைக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஆட்களோடு மட்டும் பேசிப் பழகிய மனிதருக்கு, உயிரோடு இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது அவ்வளவு சுலபமாக இல்லை. கடைசியாகப் பேசியபோது தம்பி மனைவி வாய்தவறி ஒன்று சொல்லியிருந்தாள். "குளிச்சிட்டு வந்ததும் பத்திரிகையைத்தான் எடுப்பாங்க. உங்க தொடரை ஒரு வாரம் விடாம படிக்கிறாங்க." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார் கப்பல்காரர். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தத் தீப்பெட்டி.

கணக்கு ரொம்ப எளிது. அவளுக்குத் தப்பைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. கல்யாண வீட்டுப் பந்தலில் தொங்கிய பலகையில் தேதி தப்பாக இருந்ததற்கே சாப்பிடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தவள். தீப்பெட்டியைப் பார்த்தால் அவள் நாக்கு துடிக்கும். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போனை எடுப்பாள். "என்னங்க, இது இன்னும் பொறக்கல" என்பாள். அது போதும். அந்த ஒரு குரலுக்காக அவர் தன் பெயரையே பணயம் வைத்தார்.

அந்த வாரம் பத்திரிகை வந்தது. அவசரமாகப் புரட்டினார். காவலாளி சிக்கிமுக்கிக் கல்லை உரசிக்கொண்டிருந்தான்.

"அட கடன்காரி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடன்காரி என்றது பத்திரிகையின் ஆசிரியையை. கத்திரியம்மா என்பது அவளுக்கு எழுத்தாளர்கள் இட்ட பெயர். எந்தக் கதையைக் கொடுத்தாலும் கால் பங்கை வெட்டிவிட்டுத்தான் போடுவாள். கப்பல்காரரின் கதையில் மட்டும் இத்தனை வருஷம் கை வைத்தது கிடையாது. இப்போது வைத்துவிட்டாள்.

மறுவாரம் கதாநாயகியின் வளையலில் ஒரு ஊக்கைக் கோத்தார். கதாநாயகி துறைமுகத்தில் கயிறு திரிப்பவள். கப்பலில் போன புருஷனுக்காகக் கலங்கரை விளக்கத்தின் அடியில் காத்திருக்கிறவள். ஊக்கு பிறக்க அவளுக்கு இன்னும் இருநூறு வருஷம் போக வேண்டும். அச்சில் ஊக்கு மீன்முள்ளாக மாறியிருந்தது.

கப்பல்காரர் நேரே அலுவலகத்துக்குப் போனார். கத்திரியம்மா அச்சுத் தாள் குவியலுக்கு நடுவில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கதையில கை வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?"

"ஊக்கு எப்ப வந்துச்சுன்னு எனக்கே தெரியும் சார். உங்க மானத்தைக் காப்பாத்தியிருக்கேன், நன்றி சொல்லுங்க."

"என் மானம், நான் பார்த்துக்கிறேன்."

"உங்க மானம் எம் பத்திரிகையில அச்சாகுதே! உடம்பு கிடம்பு சரியில்லையா? முன்னெல்லாம் உங்க தாள் கண்ணாடி மாதிரி வரும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் திரும்பி வந்தார். ஆனால் அந்த அம்மா சொன்ன கண்ணாடி மண்டைக்குள் நின்றது. வீட்டுக்கு வந்ததும் கதையில் ஒரு கிழட்டு மாலுமிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டினார். கண்ணாடி அந்தக் காலத்தில் இருந்தது, அதனால் கத்திரியின் கண்ணில் படாது. ஆனால் அப்போது அதை மூக்கில் இடுக்கிக்கொள்வார்கள், அல்லது நாடா கட்டித் தலையில் முடிந்துகொள்வார்கள். காதில் மாட்டுகிற கம்பி வர இன்னும் அறுபது, எழுபது வருஷம் பாக்கி. மாலுமி கண்ணாடியின் கம்பியை நிதானமாகக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டான். பல வருஷத்துக்கு முன்னால் இதே கம்பிக்காக அவரும் அவளும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். அவள்தான் ஜெயித்தாள்.

கம்பி தப்பித்து அச்சில் வந்தது.

அன்று காலையிலிருந்தே கப்பல்காரர் போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். குளிக்கப் போனபோது கதவைத் திறந்தே வைத்துக் குளித்தார். மத்தியானம் ஒருமுறை அடித்தது. பாய்ந்து எடுத்தார். தண்ணீர் வரி கட்டச் சொல்லி ஒரு பெண் குரல் மனப்பாடம் ஒப்பித்தது. இன்னொருமுறை அடித்தது. ஒரு வாசகர், மாலுமி கண்ணாடியைக் காதில் மாட்டுகிற இடத்தில் அழுதுவிட்டேன், என் அப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது என்றார். நாசமாய்ப் போக என்று மனசுக்குள் சொல்லிவிட்டு நன்றி என்று வெளியே சொன்னார். அவள் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் கூப்பிடவில்லை.

அவருக்கு அவள் வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய பெரிய விஷயங்களுக்காக அல்ல. கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தத்துக்காக. தாளைப் படிக்கும்போது நல்ல இடம் வந்தால் அவள் மூச்சு கொஞ்சம் நிற்கும், உள்ளே இருந்தபடியே அது அவருக்குத் தெரியும், அதற்காக. பாராட்டி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், அந்தச் சொல்லாமைக்காக. அவள் போனபின் அவர் எழுதிய அத்தியாயங்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். வீடு சும்மா கிடந்தது. ஒருநாள் அவரே மேஜைக்கு வந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "என்னங்க, இது இன்னும் பொறக்கல" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். தன் குரலைக் கேட்டுத் தனக்கே தாங்காமல் எழுந்து போய் முகம் கழுவினார்.

கயிறு திரிக்கிறவள் கலங்கரை விளக்கத்தடியில் காத்திருக்கிற பக்கங்கள் மட்டும் அந்தத் தொடரில் அப்படி உருக்கமாக வந்தன. "அவளுடைய ஏக்கத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?" என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். ஆவணக் காப்பகத்திலிருந்து என்று கூசாமல் பொய் சொன்னார்.

கடைசியில் கத்திரியம்மாவிடம் போய் விழுந்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அவள் நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"பொண்டாட்டியைக் கூப்பிட எம் பத்திரிகைதானா கிடைச்சுது உங்களுக்கு?"

"ஒரே ஒரு வாரம். கை வைக்காம போடுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

"ஊரே சிரிக்கும் சார்."

"சிரிக்கட்டும்."

"நேரா போய் ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அவ குளிச்சிட்டிருப்பா" என்றார். கத்திரியம்மாவுக்கு அது புரியவில்லை. ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டாள்.

அந்த அத்தியாயத்தை என்னவென்று சொல்வேன்! கயிறு திரிக்கிறவள் காலையில் எழுந்து மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தாள். எவர்சில்வர் டம்ளரில் பால் குடித்தாள். மேலாடையில் ஊக்குக் குத்திக்கொண்டாள். பொத்தானை அமுக்கினால் விரிகிற குடையை எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில் ஒரு சைக்கிளில் ஏறிக் கடற்கரைக்குப் போய், வராத கப்பலுக்காகக் காத்திருந்தாள். ஆயிரத்து அறுநூற்று அறுபத்து மூன்றில்!

ஊர் சிரித்தது. சிரித்ததா, உருண்டது. பத்திரிகை அலுவலகத்தில் போன் ஓயவில்லை. கப்பல்காரருக்கு மறை கழன்றுவிட்டது என்றார்கள். இலக்கியக் கூட்டம் ஒன்றில் அவர் தலைமை தாங்குவதாக இருந்தது, காதும் காதும் வைத்த மாதிரி வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மருந்துக் கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே, "சார், அடுத்த வாரம் அந்தக் கயிறு திரிக்கிற பொண்ணு லிஃப்டுல ஏறுமா?" என்று கேட்டார். கப்பல்காரர் அத்தனையையும் துடைத்துப் போட்டுவிட்டு போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். யார் யாரோ கூப்பிட்டார்கள். அவள் கூப்பிடவில்லை. வாரம் முழுக்கக் கூப்பிடவில்லை.

வாரம் முடிந்த அன்றுதான் அத்தியாயம் கொடுக்க வேண்டிய நாள். கத்திரியம்மா போன் செய்தபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தாள் வரலையே சார்?"

"இந்த வாரம் இல்லைம்மா. நான் எழுதல."

"என்னது! இருபத்தெட்டு வருஷத்துல ஒரு வாரம் நீங்க விட்டதில்ல. என்னன்னு போடட்டும்?"

"ஆசிரியர் ஊர்ல இல்லைன்னு போடுங்க."

 "சீக்கிரம் கிளம்புங்க. இப்பவே பஸ் கூட்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் அந்த மகராசி.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டார். தப்பு என்மேல்தான், வீட்டுக்கு வா. இரண்டே வாக்கியம். எத்தனையோ மாலுமிகளை மனைவியிடம் மண்டியிட வைத்தவருக்கு இந்த இரண்டு வாக்கியம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மறந்து மறந்து போனது.

சைக்கிள் கடை திறந்திருந்தது. தம்பி மனைவி கையெல்லாம் கிரீஸோடு ஒரு சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே" என்று எழுந்தாள். உள்ளே திரும்பி, "அண்ணி, அண்ணன் வந்திருக்காரு" என்றாள். உடனே ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி, "குளிக்கல, சும்மாதான் இருக்காங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கடையைத் தாண்டினால் ஒரே ஒரு அறை. அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு டப்பாவில் இருந்த சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். தலை இன்னும் கொஞ்சம் நரைத்திருந்தது. விரல் நுனியெல்லாம் கருப்பு. 

"உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினாள்.

உட்கார்ந்தார். மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியமும் காணாமல் போயிருந்தன. "போன வாரம் படிச்சியா?" என்றுதான் வாயில் வந்தது.

"படிச்சேன். சைக்கிளைக்கூட விடலையே நீங்க! தம்பி இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்." அவளும் கொஞ்சம் சிரித்தாள். அவருக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்து அழுகை வந்தது.

"வேணும்னுதான் போட்டேன்."

"தெரியும். அந்த மாலுமி கண்ணாடியைக் காதுல மாட்டினப்பவே தெரியும். நாம சண்டை போட்ட கம்பியாச்சே அது."

"அப்பவே தெரியுமா? அப்புறம் ஏன் நீ கூப்பிடவே இல்ல? நான் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன் தெரியுமா? உன் வாயால ஒரு தடவை தப்புன்னு கேட்டா போதும்னு..."

அவள் குண்டுகளைப் பிரிப்பதை நிறுத்தினாள். கோபம் இல்லை அவள் முகத்தில். கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"தப்பைச் சொல்ல நான் கூப்பிடுவேன்னு நீங்க அங்க உக்காந்திருந்தீங்க. தம்பி எப்படிப் போனான்னு கேக்க நீங்க வருவீங்கன்னு நான் இங்க உக்காந்திருந்தேன்" என்றாள்.

 உண்மைதான். கேட்கவே இல்லை. கூட்டத்தில் யாரோ நெஞ்சுவலி என்று சொன்னதோடு அவருக்கு அந்த விஷயம் முடிந்துபோயிருந்தது. எவனோ ஒரு தளபதி எந்தக் காய்ச்சலில் செத்தான் என்று தெரிந்துகொள்ள ஆறு மாசம் காப்பகத்தில் தவம் கிடந்தவர் அவர்.

"எப்படிப் போனான்? சொல்லும்மா" என்றார்.

அவள் டப்பாவை மூடிப் பக்கத்தில் வைத்தாள்.

"காலைல ஒரு சின்னப் பொண்ணோட சைக்கிளுக்குக் காத்து அடிச்சிட்டிருந்திருக்கான். கை வலிக்குதுன்னு சொல்லியிருக்கான். கடையில இருக்காளே, இவதான் வண்டியைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. கட்டில்ல படுக்க வச்சு என்னென்னவோ மாட்டியிருக்காங்க. அங்கேருந்து போன் பண்ணினான்."

"யாரு பண்ணினது?"

"தம்பிதான். அவன்தான் பேசினான். 'அக்கா, எனக்கு பயமா இருக்கு, மாமாவைக் கூட்டிட்டு உடனே வா'ன்னான். மாமா வந்தா ஏதாவது கப்பல் கதை சொல்லுவாரு, பயம் தெரியாதுன்னு சொன்னான். சிரிச்சிட்டேதான் சொன்னான்."

 செத்த செய்தியைச் சொல்லத்தான் அவள் அன்று வந்தாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார் கப்பல்காரர். செத்தவனுக்கு ஒரு மணி நேரம் முன்னே போனால் என்ன, பின்னே போனால் என்ன என்று மனசின் ஒரு மூலையில் தனக்குத் தானே சமாதானம்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

"அப்ப நீ கதவைத் திறந்தப்ப..."

"நான் உங்க கதவுகிட்ட நின்னப்ப அவன் உசுரோட இருந்தான்" என்றாள். "நீங்க இருன்னீங்க. சரின்னு மேஜைகிட்ட போய் உக்காந்தேன். உக்காந்தே இருந்தேன். மறுபடியும் போன் அடிச்சுது. இவ அழுதா."

கடையில் தம்பி மனைவி சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கிற சத்தம் கேட்டது. 

"தனியா கிளம்பிப் போயிருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுது. தினமும் தோணுது. ஒரு பஸ் ஏறத் தெரியாதா எனக்கு? ஆனா நீங்க இருன்னு சொன்னா இருந்து இருந்து எனக்குப் பழகிப்போச்சு. உங்க மேல எனக்குக் கோபம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கோபம் எல்லாம் எப்பவோ போயிடுச்சு. அந்த வீட்டுக்கு வந்தா நான் மறுபடியும் அதே நாற்காலியில போய்க் காத்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அதான் வரல."

அவர் அழுதார். வயசான மனுஷர் அழுவது பார்க்க நன்றாக இருக்காது, மூக்கெல்லாம் ஒழுகும். அவள் எழுந்து வந்து ஒரு துண்டைக் கொடுத்தாள். அவர் தலைமேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் நின்றுகொண்டே வந்திருந்தார். கேட்கவில்லை. 

"நேரமாச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

தட்டு வைத்துப் பரிமாறினாள். எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் தம்பியைப் பற்றிக் கேட்டார். ஆஸ்பத்திரியில் யார் பக்கத்தில் இருந்தார்கள், அந்தச் சின்னப் பொண்ணு அப்புறம் சைக்கிளை வாங்கிக்கொண்டு போச்சா, சின்ன வயசில் அவன் எப்படி இருப்பான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தட்டு காலியானால் எழுந்து போக வேண்டும் என்பதால் கப்பல்காரர் மெல்ல மெல்லச் சாப்பிட்டார்.